கூடத்தோடு நின்றுவிடும் அலை

இலக்கிய அன்பர்கள் கூடிப் பேசும் இடத்தில் ரவுட்டருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், நம்மில் பலர் இன்று படிப்பதும் எழுதுவதும் மெய்ப்புப் பார்ப்பதும் இணையத்தின் வழியேதான் என்பதை மறுப்பதற்கில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும், தமிழ் இணையக் கல்விக்கழகம் படியெடுத்து வைத்திருக்கும் பழைய பதிப்புகளும் நம் வீட்டுப் புத்தக அலமாரியின் நீட்சியாகவே ஆகிவிட்டன. அந்த அலமாரி கூடத்தில் திறக்கிறது. படுக்கையறையில் பாதி திறந்து நின்றுவிடுகிறது. சமையற்கட்டிலும் பின்னறையிலும் திறப்பதே இல்லை. வீடு ஒன்று, கட்டணம் ஒன்று, இணைப்பும் ஒன்று. அப்படியிருக்க இந்த ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது?

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டில் அலை எட்டாத மூலை இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இணைப்பின் வேகக்குறைவன்று. பெட்டியை வைத்த இடமே. அந்த இடத்தையும் வீட்டார் ஆராய்ந்து தேர்ந்ததில்லை. இணைப்புக் கொடுக்க வந்தவருக்குச் சுவரில் எங்கே துளையிட எளிதாக இருந்ததோ, அங்கே பெட்டி அமர்ந்துவிட்டது. வீட்டில் யார் எங்கே உட்கார்ந்து என்ன வேலை செய்கிறார்கள் என்ற கேள்வி அன்று எழவில்லை, பின்னரும் எழவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டு, அதற்கேற்பப் பெட்டியை இடம்மாற்றுவது வீட்டாரின் பொறுப்பு என்பதே நாம் சொல்ல வருவது. பல வீடுகளில் இதற்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது.

பெட்டி ஏன் கூடத்திலேயே அமர்கிறது என்பதற்கு ஒரு சிறு வரலாறு உண்டு. தொலைபேசி அரிதாக இருந்த காலத்தில் அதை வைத்திருந்தது கூடத்தில்தான். வருவோர் போவோர் பார்வையில் படவேண்டும். குடும்பத் தலைவர் கையெட்டும் தொலைவில் இருக்கவேண்டும். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். ‘டேட்டாஒன்’ என்ற பெயரில் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியபோது, மோடம் அதே தொலைபேசிக் கம்பியின் முனையில் வந்து அமர்ந்தது. கம்பி கூடத்தில் முடிந்ததால் மோடமும் கூடத்தில் இருந்தது. அன்று அது குறையாகத் தோன்றவில்லை. கணிப்பொறியும் அதன் பக்கத்திலேயே மேசைமேல் இருந்தது. இன்று தாமிரக் கம்பி போய் ஒளியிழை வந்துவிட்டது. மேசைக் கணிப்பொறி போய் ஆளுக்கொரு கைபேசி வந்துவிட்டது. இணையத்தைப் பயன்படுத்துவோர் வீடு முழுவதும் பரவிவிட்டார்கள். பெட்டி மட்டும் தொலைக்காட்சியின் அருகில் பழைய மரியாதையோடு வீற்றிருக்கிறது.

இனி வீட்டைப் பார்ப்போம். நம் பழைய வீடுகள் நீளவாட்டில் அமைந்தவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வன. செட்டிநாட்டு வீடுகளோ முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிவன. கட்டுக்குக் கட்டு தடித்த செங்கற்சுவர். முகப்பில் வைத்த ரவுட்டரின் அலை வளவைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். சமையல் நடக்கும் கடைசிக் கட்டுக்கு அது சென்றுசேர்வதில்லை. திறந்த முற்றம் மட்டுமே அலைக்கு நண்பன். அங்கே தடுக்க ஒன்றுமில்லை. இன்றைய கான்கிரீட் வீடுகளிலும் நிலைமை வேறுவிதமாகக் கடினமே. ஒன்பது அங்குல வெளிச்சுவர், நாலரை அங்குல உட்சுவர், கம்பி கட்டிய தளம், இரும்புப் பீரோ, குளியலறை ஓடுகள், மாடியில் தண்ணீர்த் தொட்டி என்று அலை கடக்கவேண்டிய தடைகள் பல.

அலை சுவரைக் கடக்கும் என்பது நம் நாட்டார்க்குப் புதிய செய்தியன்று. 1890களின் நடுவில் ஜகதீச சந்திர போஸ், கல்கத்தா நகர மண்டபத்தில், இடையில் சுவர்கள் இருக்கவே மின்காந்த அலையை அனுப்பித் தொலைவில் மணியடிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். ஆனால், கடக்கும் என்பது வேறு; குறையாமல் கடக்கும் என்பது வேறு. ஒவ்வொரு சுவரும் தன் பங்கை வசூலித்துக்கொண்டே அலையை வெளியே விடுகிறது.

வீட்டு வைஃபை இந்தியாவில் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் சுமார் 6 சென்டிமீட்டர். முன்னது மெதுவானது, ஆனால் சுவரைச் சற்று நன்றாகக் கடக்கும். பின்னது விரைவானது, ஆனால் ஓரிரு சுவர்களிலேயே சோர்ந்துவிடும். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும். நிலைக்கண்ணாடியின் பின்புறம் பூசிய உலோகப் பூச்சும் அப்படியே. நீர் அலையை உறிஞ்சும். மைக்ரோவேவ் அடுப்பு உணவைச் சூடாக்கப் பயன்படுத்துவதும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையையே. அடுப்பு ஓடும்போது பக்கத்திலிருக்கும் 2.4 இணைப்பு தடுமாறுவதன் காரணம் இதுதான்.

சுவர்களில் பட்டு அலை எதிரொலிப்பது மற்றொரு சிக்கல். ஒரே செய்தி பல வழிகளில், பல கணங்களில் வந்து சேர்ந்து குழம்பும். 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய அரசின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில் ஜான் ஓசல்லிவனும் குழுவினரும் இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள். வானொலி வானியல் ஆய்வில் பெற்ற கணித அனுபவம் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஆகவே எதிரொலியை இன்றைய கருவிகள் ஒருவாறு சமாளித்துவிடுகின்றன. சுவர் விழுங்கிவிட்ட அலையை மீட்டுத்தர எந்தக் கணிதத்தாலும் இயலாது. 2019இல் சான்றளிப்புத் தொடங்கிய வைஃபை 6, 2024இல் தொடங்கிய வைஃபை 7 என்று எண்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. எண் ஏறியதனால் சுவர் மெலிந்துவிடவில்லை என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

நிற்க. ‘அருகலை’ என்று வைஃபைக்கு ஒரு தமிழ்ச்சொல் உண்டு. ‘வைஃபை’ என்பது எந்தத் தொடரின் சுருக்கமும் அன்று, வணிகத்துக்காக ஆக்கிய வெறும் பெயர். அதற்குப் பொருள் தேடினால் கிடைக்காது. ‘அருகலை’ என்ற சொல்லிலோ அதன் இயல்பே அடங்கியிருக்கிறது. அருகில் இருப்பாரோடு மட்டும் பேசும் அலை அது. தொலைவிலிருப்பவரை அருகே கொண்டுவருவது நம் வேலை.

இவ்வளவும் அலையின் இயல்பு. இனி வரும் செய்திதான் நம் வாதத்தின் உயிர். பின்னறையில் அலை குறைந்தால் பின்னறைக்காரருக்குத்தானே தொல்லை, கூடத்தில் இருப்பவருக்கு என்ன என்று பலரும் எண்ணுகிறார்கள். அது சரியன்று. ஓர் அலைத்தடத்தில் ஒருவேளையில் ஒருவர்தான் பேசமுடியும்; மற்றவர் தம் முறைக்குக் காத்திருக்கவேண்டும். அருகில் இருக்கும் கருவி விரைந்து பேசி முடித்துவிடும். அலை எட்டாத மூலையில் இருக்கும் கருவி, செய்தி சிதையாமல் சேரவேண்டி, நிறுத்தி நிறுத்தி மெதுவாகப் பேசும். அது பேசி முடிக்கும்வரை ஏனையோர் வாய்மூடி இருக்கவேண்டும்.

எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். கூடத்துக் கைபேசி நொடிக்கு 60 மெகாபிட் வேகத்திலும், பின்னறைக் கைபேசி நொடிக்கு 6 மெகாபிட் வேகத்திலும் பேசவல்லன என்று கொள்வோம். இருவரும் முறைவைத்து ஒவ்வொரு மெகாபிட்டாக அனுப்பினால், முதலாமவருக்கு ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு ஆகும். இரண்டாமவருக்கு அறுபதில் பத்துப் பங்கு ஆகும். ஒரு சுற்றுக்கு அறுபதில் பதினொரு பங்கு. ஆகவே ஒரு நொடியில் ஐந்தரைச் சுற்றுகூட முடியாது. அறுபதுக்கு உரியவரும் ஐந்தரைக்கு இறங்கிவிடுகிறார். புதிய ரவுட்டர்கள் சில, முறையை எண்ணாமல் நேரத்தைப் பங்கிட்டு இக்கேட்டைக் குறைக்கின்றன. அடியோடு நீக்குவதில்லை. ஒரு மூலையின் வறுமை வீடு முழுவதையும் வறியதாக்குகிறது என்பது இங்கே உவமையாகச் சொன்னதன்று. கருவி இயங்கும் முறையே அப்படித்தான்.

அந்த மூலையில் இருப்பவர் யார் என்பது அடுத்த கேள்வி. 1988இல் வெளிவந்த அம்பையின் தொகுப்பொன்றின் தலைப்புக்கதை ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’. வீட்டில் சமையலறைக்கு வாய்த்த இடத்தை, தலைப்பே சொல்லிவிடுகிறது. வாஸ்து பார்த்துக் கட்டும் வீடுகளிலும் அடுக்களை தென்கிழக்கு மூலைக்குப் போகிறது. கூடத்தில் தொலைக்காட்சியும் சாய்வு நாற்காலியும்; அங்கே அலை நிறைவு. பின்னறையில் தேர்வுக்குப் படிக்கும் பெண், முதியோர், வீட்டிலிருந்தே வேலைபார்க்கும் மருமகள். அங்கே அலை இல்லை. யாரும் வஞ்சகமாகச் செய்ததன்று. ஆயினும், யாரும் எண்ணிப்பாராமல் அமைந்த ஏற்பாடு எப்போதும் வசதியுள்ளவர் பக்கமே சாய்கிறது என்பதை இலக்கியம் படித்த நமக்குச் சொல்லவேண்டியதில்லை.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து, வகுப்புகள் திரைக்கு மாறியபோது, கல்லூரியில் பாடம் நடத்துவோர் இதைக் கண்ணாரக் கண்டோம். மாணவர் மாடிப்படியில் அமர்ந்தும், மொட்டைமாடியில் வெயிலில் நின்றும் வருகைப்பதிவுக்குக் குரல் கொடுத்தனர். பல ஊர்களில் சிக்கல் செல்பேசிக் கோபுரத்தின் தொலைவு. அதை வீட்டார் தீர்க்கமுடியாது. ஆனால் வீட்டிலேயே ஒளியிழை இணைப்பு வைத்திருந்தவர்களின் பிள்ளைகளும் மாடிக்கு ஏறினார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. கூடத்தில் தொலைக்காட்சியின் ஒலி. அறைக்குள் போனால் அலை இல்லை. இரண்டுக்கும் இடையில் படிக்கட்டுத்தான் மிச்சம்.

2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், கல்லூரி விடுதியில் மாணவியரின் கைபேசிப் பயன்பாட்டுக்கு விதித்த கட்டுப்பாடு தொடர்பான வழக்கொன்றில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்றும், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் அந்தரங்க உரிமையின் பகுதி என்றும் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் விடுதியின் கதவைத் திறக்கலாம். நம் வீட்டுப் பின்னறைச் சுவரை அது வந்து பார்க்கப்போவதில்லை. அதை நாமே பார்த்துக்கொள்ளவேண்டும்.

இதற்கு வரும் மறுப்புரைகளையும் கேட்போம். முதலாவது, அறைக்குள் அலை இல்லாதிருப்பதே நல்லது, பிள்ளைகள் கைபேசியும் கையுமாகக் கிடக்கமாட்டார்கள் என்பது. கவலை உண்மையானது, மருந்துதான் தவறு. இரவு பத்து மணிக்குமேல் இணைப்பு வேண்டாமெனில் ரவுட்டரில் நேரம் குறித்து நிறுத்தலாம். பல ரவுட்டர்களில் அதற்கு வசதி உண்டு. அது எல்லார்க்கும் பொதுவான விதி. சுவர் விதிக்கும் தடையோ கூடத்தில் படம் பார்ப்பவரை விட்டுவிட்டு, அறையில் பாடம் படிப்பவரைத் தண்டிக்கிறது. ஓய்வும் கட்டுப்பாடும் வீட்டார் கூடிப் பேசி முடிவுசெய்ய வேண்டியவை; செங்கல்லிடம் ஒப்படைக்க வேண்டியவை அல்ல.

இரண்டாவது, கைபேசியில்தான் தரவு மலிவாகக் கிடைக்கிறதே, வைஃபை எதற்கு என்பது. கான்கிரீட் அறைக்குள் கைபேசியின் அலையும் அதே சுவர்களைக் கடந்துதான் வரவேண்டும். தவிரவும், 2019 டிசம்பர் முதல் இந்தியாவில் வைஃபை வழியே சாதாரண தொலைபேசி அழைப்பைப் பேசும் வசதி வந்துவிட்டது. கோபுர அலை எட்டாத உள்ளறையில், வைஃபை இருந்தால் அழைப்பு வரும். தனியறையில் உறங்கும் முதியவர் நள்ளிரவில் ஒரு குரல் கொடுக்க இது உதவும். இதன்பின் வைஃபையைப் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதுவது பொருந்தாது.

மூன்றாவது, கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறினால் போதும் என்பது. இது குழாயடியில் நீர் அழுத்தத்தைக் கூட்டினால் ஓட்டைக்குடம் நிறையும் என்பது போன்ற வாதம். வேகத் திட்டம், தெருவிலிருந்து பெட்டிவரை வரும் பாதையைச் சார்ந்தது. பெட்டியிலிருந்து அறைவரை உள்ள பாதை வேறு. எங்கே தடை என்பதை அறியாமல் மாதந்தோறும் கூடுதலாகக் கட்டுவது வீண்செலவு.

ஆகவே, செய்யவேண்டியவற்றை அவற்றின் வரிசையிலேயே சொல்லுவோம். வரிசை இங்கே முக்கியம். பலர் கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்து பணம் இழக்கிறார்கள்.

முதலில் அளந்து பார்க்கவேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அலையின் வலுவை எண்ணாகக் காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. எண் எதிர்க்குறியோடு வரும். மைனஸ் 50 நல்லது. மைனஸ் 67 வரை காணொளி வகுப்புக்குப் போதும். மைனஸ் 80க்குக் கீழே பெயரளவில்தான் இணைப்பு. இந்த எண் பத்து குறைந்தால் வலு பத்தில் ஒன்றாகிறது. மைனஸ் 50க்கும் மைனஸ் 80க்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு என்பதை மனத்தில் கொள்க. ஒவ்வோர் அறையிலும், ஒவ்வொருவரும் வழக்கமாக உட்காரும் இடத்தில் நின்று எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அறையின் நடுவில் நின்று பார்ப்பது போதாது. தாத்தாவின் கட்டில் எங்கே, மகளின் மேசை எங்கே, அடுப்பின் அருகே கைபேசியைச் சாய்த்துவைக்கும் இடம் எங்கே என்பதே கணக்கு.

கூடவே, ரவுட்டருக்கு மிக அருகில் நின்று வேகத்தைச் சோதிக்கவேண்டும். கம்பிவழி இணைத்துச் சோதித்தால் இன்னும் திருத்தமாகத் தெரியும். அங்கும் வேகம் இல்லையென்றால் குறை இணைப்பில். சேவை தருபவரைக் கேட்கவேண்டும். அங்கே வேகம் இருந்து அறையில் இல்லையென்றால் குறை வீட்டுக்குள்.

இரண்டாவது, பெட்டியை நகர்த்துவது. வீட்டின் நடுப்பகுதி, தரையிலிருந்து ஆளுயரம், திறந்த இடம் ஆகிய மூன்றும் போதும். தொலைக்காட்சியின் பின்புறம், மர அலமாரிக்குள், பரண்மேல், பீரோவின் பக்கம், மைக்ரோவேவ் அடுப்பின் அருகு ஆகியன ஆகா. கூடத்துக்கும் உள்ளறைகளுக்கும் இடைப்பட்ட நடைவழிச் சுவர் பல வீடுகளில் மிகப் பொருத்தமான இடம். அங்கே இன்வெர்ட்டரோடு இணைந்த பிளக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நலம். இல்லையேல் மின்வெட்டில் வீடு முழுவதும் இணைப்பு இழக்கும். ஒளியிழையை நாமே வளைத்து இழுக்கக்கூடாது. கூர்மையாக வளைந்தால் ஒளி கசிந்து இணைப்புக் கெடும். ஒளியிழைப் பெட்டி கூடத்திலேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு லேன் கேபிளை நடைவழிக்குக் கொண்டுவந்து ரவுட்டரை அங்கே வைக்கலாம். இரண்டும் ஒரே பெட்டியாக இருப்பின், சேவை தருபவரின் ஆளை அழைத்து இழையை நீட்டித்துத் தரச்சொல்லலாம்.

அலைவாங்கிக் கொம்புகளைப் பற்றியும் ஒரு சொல். நிமிர்ந்து நிற்கும் கொம்பிலிருந்து அலை மெதுவடை வடிவில் பரவுகிறது. பக்கவாட்டில் மிகுதி, கொம்பின் நுனிக்கு நேர்மேலே குறைவு. ஒரே தளத்து வீடாயின் கொம்புகள் நிமிர்ந்திருக்கட்டும். மாடியறைக்கும் வேண்டுமெனில் ஒன்றைக் கிடையாகச் சாய்த்துப் பார்க்கலாம். கொம்புகளை வேண்டிய அறையை நோக்கிச் சுட்டுவிரல்போல் நீட்டுவோர் உண்டு. அது நினைப்பதற்கு மாறான பலனைத் தரும்.

மூன்றாவது, கம்பி. அலை கடக்காத சுவரைக் கம்பி கடக்கும். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குன்றாமல் செல்லும். நம் வீடுகளுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே மிகுதி. கேட்-6 கேபிளைப் பின்னறைவரை இழுத்து, அதன் முனையில் இரண்டாவது ரவுட்டர் ஒன்றை ‘அக்சஸ் பாயின்ட்’ முறையில் வைத்துவிட்டால், பின்னறைக்கும் அடுக்களைக்கும் கூடத்துக்கு நிகரான அலை கிடைக்கும். பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரே இதற்குப் பயன்படும். அதில் டிஎச்சிபி எனும் முகவரி வழங்கும் பணியை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் ஒரே தெருவில் இரண்டு தபால்காரர் வேறுவேறு கதவிலக்கம் எழுதியதுபோல் குழப்பம் நேரும். பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே, ஆளுக்கொன்றாகக் கொடுக்கவேண்டும். அடுக்ககங்களில் அயல்வீட்டாரின் சேனலையும் பார்த்துத் தேர்வது நன்று. வாடகை வீடாயின் துளையிடாமல், தட்டையான கேபிளைச் சுவரோரமாக ஒட்டிக் கதவடியில் கொண்டுசெல்லலாம்.

நான்காவது, கம்பி இழுக்க வழியே இல்லாதபோது மெஷ் கருவிகள். இரண்டு மூன்று பெட்டிகள் தம்முள் அலைவழியே பேசிக்கொண்டு வீட்டை நிரப்பும். இவற்றை அலை இறந்த மூலையில் வைக்கலாகாது. ரவுட்டருக்கும் அந்த மூலைக்கும் நடுவழியில், அலை இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்கவேண்டும். இருட்டறையில் கண்ணாடியை மாட்டினால் வெளிச்சம் வராது. வாசலருகே மாட்டினால்தான் வெளிச்சத்தை உள்ளே திருப்பும்.

கடைசியில்தான் ரிப்பீட்டர். கடைகளில் மலிவாகக் கிடைப்பதால் பலர் இதையே முதலில் வாங்குகிறார்கள். சாதாரண ரிப்பீட்டர் கேட்ட செய்தியை அதே தடத்தில் மீண்டும் சொல்லவேண்டியிருப்பதால் வேகம் பாதியாகிவிடும். அலைக்கோடுகள் நிறைந்து தெரியும், பக்கமோ திறக்காது. எங்கோ ஓர் அறையில் வெறும் செய்திமடல் படிக்கப் போதுமெனில் வாங்கலாம்.

ரவுட்டரின் சக்தியை மட்டும் கூட்டினால் போதாதா என்ற கேள்வியும் உண்டு. அதற்குச் சட்டத்தின் வரம்பு இருக்கிறது. வரம்புக்குள் உரக்கப் பேசினாலும், கைபேசியின் குரல் சிறியது. ரவுட்டர் கூவுவது கைபேசிக்குக் கேட்கும். கைபேசி சொல்லும் மறுமொழி ரவுட்டருக்குக் கேளாது. ஒருவர் மட்டும் உரக்கப் பேசுவதை உரையாடல் என்று சொல்லமுடியுமா?

புதிதாக வீடு கட்டுவோருக்கு ஒன்று சொல்லவேண்டும். வரைபடம் போடும்போது பூசையறையின் திசைக்கு ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுகிறோம். பிளக் எத்தனை, மின்விசிறி எங்கே என்றெல்லாம் கேட்கிறோம். தளத்துக்குக் கான்கிரீட் கொட்டும் முன் மின்குழாய் பதிக்கும் அன்று, ஒவ்வோர் அறைக்கும் லேன் கேபிளுக்கென்று தனியாக ஒரு குழாய் பதிக்கச் சொன்னால் ஆகும் செலவு மொத்தச் செலவில் கண்ணுக்கே தெரியாது. கான்கிரீட் இறுகியபின் அதே வேலைக்குச் சுவரைக் கொத்தவேண்டும். மின்கம்பி செல்லும் குழாயிலேயே இதையும் நுழைக்கலாகாது, தனிக்குழாய் வேண்டும். எலெக்ட்ரீஷியனிடம் இதை எழுதியே கொடுத்துவிடுவது நலம்.

மின்சாரம் முதன்முதலில் வீடுகளுக்கு வந்தபோது கூடத்தில் ஒரு விளக்கு மட்டும் எரிந்த வீடுகள் பல. சமையற்கட்டில் சிம்னி விளக்கே நெடுங்காலம் எரிந்தது. இன்று எந்த வீட்டிலும் அடுக்களைக்கு விளக்கு வேண்டுமா என்று யாரும் விவாதிப்பதில்லை. குழாய்நீரும் அப்படியே பின்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இணையமும் அவ்வாறே எல்லா அறைக்கும் செல்லவேண்டிய ஒன்று. கூடத்தோடு நின்றுவிட்டதை இயற்கை என்று ஏற்றுக்கொள்வதற்குக் காரணம் ஏதுமில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளும் கைபேசியுமாக வீட்டைச் சுற்றி வாருங்கள். எண்களைக் குறித்தபின், மிகக் குறைந்த எண் வந்த இடத்தில் உட்கார்பவர் யாரோ அவரையே, பெட்டியை எங்கே வைக்கலாம் என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடத்தில் ஒரு பிளக் இல்லாமல் இருக்கலாம். எலெக்ட்ரீஷியனை அழைத்தால் ஒரு மணி நேர வேலை.